ஈரப்பலாக்காய்த் தோல்

புங்குடுதீவு
1938 தை 20

சேசு மரி சூசை துணை

என் அன்பான அக்கா மரியநாயகிக்கு,

உங்கள் தங்கச்சி ஜசிந்தா எழுதிக்கொள்வது. நான் சுகம். நீங்களும் எங்களைப் பெற்ற அப்புவும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். கடுதாசியின் மேலே அச்சடித்திருக்கிற ‘சிவமயம்’ என்ற எழுத்தைப் பார்த்து முகம் சுளிக்காதேயுங்கள். இது அவருடைய கொழும்புக் கடைக் கடுதாசி. இந்த வீட்டில் வேறு கடுதாசி இல்லை. அதன் கீழே எங்களுடையதையும் எழுதிவிட்டேன்.

அவர் தீபாவளி முடிந்த கையோடு கொழும்புக்குப் போனவர், இன்னும் வரவில்லை. பதிவுக் கலியாணம் செய்து என்னைக் கொண்டுவந்து இங்கே இறக்கிவிட்டு, தன் பாட்டில் கடையில் இருக்கிறார். நானும் மாமியும் மாமாவும்தான். மாமி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘கடற்கரைப் பெட்டை’ என்பா, அல்லது ‘இஞ்சை’ என்பா. வெளிப்படலை எப்போதும் உள்ளே கட்டித்தான் இருக்கும். கிணற்றடிக்கு அப்பால் எனக்கு ஊர் இல்லை. மீன்காரி இந்த ஒழுங்கைக்கு வருவதும் இல்லை. சில நாள் காற்றில் கருவாட்டு மணம் வரும், அப்போது வேலியோடு போய் நிற்பேன். சிரிக்காதேயுங்கள் அக்கா.

ஒரு நல்ல செய்தி. எனக்கு ஆனிக் கடைசியில் பிள்ளை பிறக்கும். தலைப்பிள்ளையைத் தாய்வீட்டில்தான் பெறவேண்டும். அம்மா இல்லாத எனக்கு நீங்கள்தான் அம்மா. மாமி இதற்கு இன்னும் ஒரு பதிலும் சொல்லவில்லை. எப்படியாவது அங்கே வந்துவிட வேண்டும் என்பதுதான் எனக்கு இரவும் பகலும் நினைப்பு.

இன்னொன்று கேளுங்கள். மாமா மயில்வாகனத்தார் குருநாகலில் முப்பது வருஷம் சுருட்டுக்கடை வைத்திருந்தவர் என்று சொன்னேன் அல்லவா? அங்கே ஒளித்து ஒளித்து ஆட்டிறைச்சி சாப்பிட்டுப் பழகிவிட்டாராம். மாமிக்குத் தெரியாது. போன கிழமை மாமி கோயிலுக்குப் போன நேரம் என்னிடம் மெல்ல வந்து, “பிள்ளை, உங்கட வீட்டிலை ஆட்டுக்கறி எப்பிடிக் காய்ச்சுவினம்? தரச் சொல்லேல்லை. சொல்லு, கேக்கிறன்” என்றார். எனக்குப் பாவமாய்ப் போயிற்று. அம்மா இறைச்சி தொடாத தவசு காலத்தில் எங்களுக்கு ஈரப்பலாக்காயில் வைத்துத் தருவாவே, இறைச்சிக்கறி மாதிரி, அதை வைத்துக் கொடுத்தேன். துண்டுகளை நல்லெண்ணெயில் சிவக்கப் பொரித்து, செத்தல் மிளகாயைக் கறுக்க வறுத்து இடித்த தூள், பெருஞ்சீரகம், கறுவா, கடைசியில் தேங்காயின் முதற்பால். மாமா சாப்பிட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்தார்.

வந்ததே வினை. மாமி ஒரு துண்டை வாயில் வைத்தா, கோப்பையைத் தள்ளினா. “இது மச்சம், இறைச்சி” என்றா. நான் மாதாவே என்று அழுதுகொண்டு குப்பையைக் கிளறி ஈரப்பலாக்காய்த் தோலைக் கொண்டுவந்து காட்டிய பிறகுதான் அடங்கினா. அன்றிலிருந்து நான் சமைக்கும்போது குசினி வாசலில் பலகை போட்டு உட்கார்ந்திருக்கிறா. சமைத்து முடிந்ததும் தோலைக் காட்ட வேண்டும். தோல் காட்டாத கறி இந்த வீட்டில் இலைக்கு வராது.

ஆனபடியால் நான் இப்போது முழுச் சைவம், அக்கா. கண்டால் நம்பமாட்டீர்கள். அப்புவுக்கு என் முத்தம்.

உங்கள் செல்லம்
ஜசிந்தா


நாரந்தனை
1938 மாசி 4

சேசு மரி சூசை துணை

என் கண்ணான தங்கச்சிக்கு,

பிள்ளை என்ற செய்தி கேட்டு மாதா சுரூபத்துக்கு முன்னால் போய் அழுதேன். உன்னை இடுப்பில் தூக்கித் திரிந்த நோவு எனக்கு இன்னும் போகவில்லை, அதற்குள் உனக்கு ஒரு பிள்ளை!

ஆனால் நீ செய்த வேலையைக் கேள். அப்புவுக்கு இப்போது எழுத்துத் தெரிவதில்லை என்று உனக்குத் தெரியும். முற்றத்தில் வலை பொத்திக்கொண்டிருந்தவருக்கு உன் கடுதாசியை உரக்க வாசித்துக்கொண்டு போனேன். மாமாவின் கதையைக் கேட்டுச் சிரித்தார். கடைசியில் ‘நான் இப்போது முழுச் சைவம்’ என்று வந்ததை விழுங்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை. வாசித்துவிட்டேன். அப்பு வலையூசியைக் கீழே வைத்துவிட்டு, கடுதாசியை வாங்கி, மேலே உள்ள பெரிய எழுத்து என்ன என்று கேட்டார். நான் சொல்லவில்லை. கோயில் உபதேசியாரிடம் கொண்டுபோய்க் கேட்டுக்கொண்டு வந்தார்.

வந்து சொன்னது இதுதான்: “சைவமான பிள்ளைக்குச் சைவ வீடு இருக்குத்தானே. பிள்ளைப்பெறுவும் அங்கையே நடக்கட்டும்.” அவள் சாப்பாட்டைத்தான் எழுதியிருக்கிறாள் என்று நான் தலைபாடாய் அடித்துக்கொண்டேன். “மரக்கறி திண்டால் மரக்கறி எண்டெல்லோ எழுதுவாள்? எங்கட சனம் எப்ப மரக்கறியைச் சைவம் எண்டது?” என்றார். நீ ஏனடி அந்தச் சொல்லை எழுதினாய்?

நாலு நாள் கழித்து ஒரு வழி சொன்னார். உயிர்த்த ஞாயிறு விருந்துக்கு நீ வரவேண்டுமாம். அவருக்குப் பக்கத்தில் இருந்து, அவர் கையால் போடுகிற ஆட்டுக்கறியை எல்லோரும் பார்க்கச் சாப்பிட வேண்டுமாம். சாப்பிட்டால் நீ அவருடைய பிள்ளை, பிள்ளைப்பெறுவும் இந்த வீட்டில். இல்லாவிட்டால் படலைக்குள் கால் வைக்க வேண்டாமாம்.

நீ போன பிறகு இந்த வீட்டில் என் சத்தத்தை நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். வந்துவிடு.

உன் அக்கா
மரியநாயகி


புங்குடுதீவு
1938 மாசி 20

சேசு மரி சூசை துணை

அன்பான அக்காவுக்கு,

இந்த முறை மேலே இருந்த அச்சைக் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டேன். இனி அப்புவிடம் தாராளமாய்க் காட்டலாம்.

இந்த வீட்டில் காலையிலிருந்து மாலைவரை ‘சைவம், சைவம்’ என்றே காதில் விழுகிறது. சைவக் கத்தி, சைவச் சட்டி, சைவ அகப்பை. அந்தச் சொல் என் வாயில் ஒட்டியது எனக்கே தெரியவில்லை. என் செபமாலை தலையணைக்குக் கீழேதான் இருக்கிறது என்று அப்புவிடம் சொல்லுங்கள்.

இப்போது என் இக்கட்டைக் கேளுங்கள். மாமா கெஞ்சினதில் மாமி ஒருவழியாய் இளகியிருக்கிறா. உங்கள் திருநாளுக்கு மூன்று நாள் போய்வரலாம், பிள்ளைப்பெறுவுக்கும் போகலாம் என்றா. ஆனால் என் வயிற்றில் கை வைக்கச் செய்து சத்தியம் வாங்கினா. “மச்சம் உன்ரை வாயிலை பட்டால் இந்தப் படலை உனக்குத் திறவாது. பிள்ளை மட்டும்தான் உள்ளுக்கு வரும்” என்றா. நான் கொடுத்தேன், வேறென்ன செய்வது?

அங்கே சாப்பிட்டால்தான் அப்பு படலை திறப்பார். சாப்பிட்டால் மாமி படலை கட்டுவா. இரண்டு படலைக்கும் நடுவில் நான் நிற்கிறேன், அக்கா. அவருக்கு எழுதினேன். ‘அம்மா சொல்கிறபடி நட’ என்று ஒரு வரி வந்தது, அவ்வளவுதான்.

படுத்துக்கொண்டு யோசித்தபோது ஒரு வழி தோன்றியது. நீங்கள் மனம் வைத்தால் நடக்கும். விருந்துக்கு ஆட்டுக்கறிச் சட்டி ஒன்று இருக்கும்தானே? பக்கத்தில் ஒரு சின்னச் சட்டியில் ஈரப்பலாக்காய்க் கறி வையுங்கள். நிறமும் மணமும் ஒன்றாய் இருக்கட்டும், வறுத்த தூளைக் கொஞ்சம் தாராளமாய்ப் போடுங்கள். அப்பு கறி போட வரும்போது, பிள்ளைத்தாச்சிக்கு உறைப்புக் கூடாது, அவளுக்கு இந்தச் சட்டி என்று சின்னச் சட்டியை அவர் கையில் கொடுங்கள். அவர் கையால் அவரே போடுவார், நான் சாப்பிடுவேன். அப்புவும் திருப்தி, மாமிக்குக் கொடுத்த சத்தியமும் தப்பும். இது பாவமா என்று தெரியவில்லை. பாவமென்றால் அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்கிறேன்.

செய்வீர்களா, அக்கா? எனக்கு உங்களைத் தவிர ஆரிருக்கினம்?

ஜசிந்தா


நாரந்தனை
1938 பங்குனி 28

சேசு மரி சூசை துணை

என் செல்லத்துக்கு,

உன் மூளை அம்மாவின் மூளை. வாசித்துவிட்டு நெடுநேரம் சிரித்தேன், பிறகு அழுகை வந்துவிட்டது. ஒரு வாய்ச் சோற்றுக்கு என் பிள்ளை இப்படியெல்லாம் கணக்குப் போட வேண்டியிருக்கிறதே! எல்லாம் நீ சொன்னபடியே. ஈரப்பலாக்காய்க்குச் சாவகச்சேரிப் பக்கம் சொல்லியனுப்பியிருக்கிறேன். உன் அக்கா கறி காய்ச்ச மறந்துவிடவில்லை.

பின்னறையை வெள்ளையடித்துவிட்டேன். நீயும் நானும் கிடந்த தொட்டிலைப் பரணிலிருந்து இறக்கி எண்ணெய் பூசி வைத்திருக்கிறேன். அப்பு கண்டும் காணாதவர் மாதிரிப் போகிறார், ஆனால் கயிற்றை மாற்றிக் கட்டினது அவர்தான்.

விருந்துக்கு அதிகம் பேரில்லை. தோணிக்காரச் சந்தியோகண்ணையையும் சொல்லியிருக்கிறேன். அவர்தானே உன்னை ஏற்றி இறக்குகிறவர்.

இங்கே வந்து மூன்று நாள் இருந்தால் திரும்பிப் போக உனக்கு மனம் வருமோ? எனக்கென்றால் விட மனம் வராது.

அக்கா


புங்குடுதீவு
1938 சித்திரை 25

சேசு மரி சூசை துணை

அன்பான அக்காவுக்கு,

சுகமாய் வந்து சேர்ந்தேன். மாமி என்னைக் கிணற்றடியில் நிறுத்தித் தலை முழுகவிட்டுத்தான் உள்ளே எடுத்தா. பரவாயில்லை.

அப்பு கறியைப் போட்டுவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாரே. நான் விழுங்கின பிறகு தலையில் கை வைத்தார். “பின்னறை உனக்குத்தான் பிள்ளை” என்றார். அந்தக் கையின் பாரம் இன்னும் தலையில் இருக்கிறது.

கறியைப் பற்றி என்ன சொல்ல! இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினேன், பார்த்தீர்கள்தானே. எலும்பில்லாத சின்னச் சின்னத் துண்டு. நான் இங்கே எத்தனை தரம் வைத்தும் அந்த ருசி வந்ததில்லை. நீங்கள் அதில் என்ன கூடப் போட்டீர்கள்? மாமாவுக்கு வைத்துக் கொடுக்க ஆசை. பக்குவத்தை எழுதி அனுப்புங்கள்.

ஆனி பிறந்ததும் வந்துவிடுவேன். மாமி ஓம் என்றுவிட்டா. படலையைப் பார்க்கும்போது இப்போது அது வெறும் படலையாய்த்தான் தெரிகிறது.

ஜசிந்தா


புங்குடுதீவு
1938 வைகாசி 10

சேசு மரி சூசை துணை

அக்கா,

எல்லாம் கெட்டது. சந்தியோகண்ணை இங்கே இறங்குதுறையில் நின்று, அப்புவின் பெயரைச் சொல்லி, யாகப்பரின் இளைய மகள் தகப்பன் கையால் ஆட்டிறைச்சி வாங்கி இரண்டு தரம் சாப்பிட்டவள், இனி அவள் எங்கட பிள்ளைதான் என்று எல்லோருக்கும் சொல்லியிருக்கிறார். அவர் சந்தோஷத்தில்தான் சொன்னவர். கதை மாமியின் காதுக்கு வர ஒரு பகல் போதும்.

நான் உள்ளதைச் சொன்னேன். இரண்டு சட்டிக் கதையையும் சொன்னேன். மாமி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு கேள்விதான் கேட்டா. “ஈரப்பலாக்காய் எண்டால் தோல் எங்கை? நீ தோலைக் கண்டனியோ?”

நான் காணவில்லை.

இப்போது நான் நயினாதீவு அம்மன் கோயிலுக்கு வந்து, எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்து, மச்சம் தொடவில்லை என்று சத்தியம் செய்ய வேண்டுமாம். செய்தால் நம்புவாவாம். செய்யாவிட்டால் நான் இறைச்சி தின்றவள், அங்கே பிள்ளைப்பெறவும் விடமாட்டா, இங்கே வீட்டுக்குள் எடுக்கவும் மாட்டா. அம்மன் வாசலில் நான் கற்பூரம் அணைத்தேன் என்று அப்பு கேள்விப்பட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கொழும்புக்கும் எழுதிக் கேட்டேன், ‘அம்மா சொல்கிறபடி செய்’ என்று இந்த முறையும் அவர் எழுதிவிட்டார். கொழும்பில் இருந்துகொண்டு எதையும் எழுதலாம்.

ஒரே வழிதான் இருக்கிறது. நீங்கள் உங்கள் கைப்பட மாமாவுக்கு நாலு வரி எழுதுங்கள். சின்னச் சட்டியில் வைத்தது ஈரப்பலாக்காய், காய் இன்ன இடத்தில் வாங்கியது, வெட்டினது நான் என்று எழுதுங்கள். மூத்தவள் எழுதினால் நம்பலாம் என்று மாமியே சொன்னா. அப்புவுக்குத் தெரிந்தால் கோபிப்பார். ஆனால் தலையில் கை வைத்த மனுசன், ஆறுவார்.

நாள் கிட்டுகிறது. கெதியாய் எழுதுங்கள், அக்கா.

ஜசிந்தா


நாரந்தனை
1938 வைகாசி 24

சேசு மரி சூசை துணை

என் கண்ணே,

உன் கடுதாசி வந்து பத்து நாளாகிறது. எழுத எடுக்கிறதும் வைக்கிறதுமாய் இருந்தேன். கோபியாதே.

நீ கேட்ட மாதிரி எழுத என்னால் ஏலாது. கையெழுத்து நாளைக்கு எங்கே எங்கே போகுமோ. அப்பு இப்போதுதான் கோயிலில் நாலு பேரோடு நின்று கதைக்கிறார். அவரை ஏமாற்றினோம் என்று தெரிந்தால் தாங்குவாரோ? அவருடைய வயதையும் யோசி.

நான் ஒன்று கேட்கிறேன். உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடாத ஒரு வீட்டில், தோலைக் காட்டிச் சமைக்கிற ஒரு குசினியில் இருக்க நீ ஏன் இந்தப் பாடுபடுகிறாய்? படலையை அடைத்தால் அடைக்கட்டும். துரத்தினால் வா. ஒரு சொல் எழுது, சந்தியோகண்ணையைத் தோணியோடு அனுப்புகிறேன். தொட்டில் கட்டியே இருக்கிறது. பிள்ளையை நான் வளர்ப்பேன், உன்னை வளர்க்கவில்லையா? நான் எனக்கென்று ஒரு வாழ்க்கை தேடாமல் இருந்தது ஆருக்காக?

உன் மனுசனைப் பற்றி யோசியாதே. தேவையென்றால் வந்து பார்ப்பார்.

உன் அக்கா
மரியநாயகி


புங்குடுதீவு
1938 ஆனி 8

அக்காவுக்கு,

மேலே இருந்த அச்சை இந்த முறையும் வெட்டினேன். அந்த இடத்தில் ஒன்றும் எழுதவில்லை. எதை எழுதினாலும் ஒரு வீட்டார் என்னைத் தங்களுடையவள் என்பார்கள்.

உங்கள் கடுதாசியில் எல்லாம் இருந்தது. நான் கேட்ட கறிப் பக்குவம் மட்டும் இல்லை. ஈரப்பலாக்காய் என்ற சொல்லே இல்லை.

நான் சொல்கிறேன். ஈரப்பலாக்காய் வெட்டினால் அதன் பால் கையில் ஒட்டும், எண்ணெய் பூசி உரைஞ்சினாலும் ஒரு நாளில் போகாது. அன்றைக்கு நீங்கள் என் தலைமயிரை வாரிப் பின்னிவிட்டீர்கள். உங்கள் கை சுத்தமாய் இருந்தது. குசினியில் கத்தியும் சுத்தமாய் இருந்தது. கோழி கிளறுகிற குப்பையில் ஒரு தோல்கூட இல்லை. மாமி கேட்ட பிறகுதான் இதெல்லாம் தெரிந்தது என்று சொல்ல எனக்கு ஆசை. அது பொய். முதல் வாயிலேயே எனக்குத் தெரியும். ஆடென்று தெரிந்துகொண்டுதான் விழுங்கினேன். அவ்வளவு ஆசையாய் இருந்தது, அக்கா. இரண்டாம் தரமும் வாங்கினேன். பிறகு காய் என்று எனக்கு நானே சொல்லிச் சொல்லி, நம்பியும் விட்டேன். உங்களுக்கும் எழுதினேன், நீங்களும் ஓம் என்று சொல்லுவீர்கள் என்று.

சந்தியோகண்ணையை ஏன் விருந்துக்குக் கூப்பிட்டீர்கள் என்றும் இப்போது விளங்குகிறது. மாமி படலையைக் கட்டினால் நான் உங்களிடம் வந்துதானே ஆகவேண்டும்.

போன வெள்ளிக்கிழமை நயினாதீவுக்குக் கூட்டிப்போனார்கள். அம்மன் வாசலில் மாமி கற்பூரத்தைக் கொளுத்தினா. “கையை வை” என்றா. நான் வைக்கவில்லை. பொய்ச் சத்தியம் செய்வதற்கு அவர்கள் கோயில், எங்கள் கோயில் என்று எனக்கு இரண்டில்லை. கற்பூரம் தன் பாட்டில் எரிந்து முடிந்தது. “அப்ப திண்டனி” என்றா மாமி. “ஓம் மாமி, சாப்பிட்டனான்” என்றேன். முப்பது வருஷம் சாப்பிட்ட மாமா பக்கத்தில்தான் நின்றார். கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இப்போது கிணற்றடிக் கொட்டிலில் இருக்கிறேன். எனக்கு ஒரு அடுப்பு, ஒரு சட்டி, ஒரு கோப்பை. மருத்துவிச்சியை இங்கே கூட்டிவருவார்களாம். பிள்ளையை வீட்டுக்குள் எடுப்பார்களாம். என்னை என்ன செய்வது என்று கொழும்பிலிருந்து அவர் வந்து சொல்லுவாராம். ஆனால் இந்தக் குசினி வாசலில் பலகை போட்டு ஆரும் இருப்பதில்லை. அது ஒன்றுதான் ஆறுதல்.

நேற்று மாமி கோயிலுக்குப் போனதும் மாமா கோப்பையோடு வந்து நின்றார். “பிள்ளை, இனி உமக்கொரு தடையுமில்லைத்தானே. எனக்கு ஒரு துண்டு ஆட்டிறைச்சி” என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அடுப்புக் கொள்ளியை எடுத்திருப்பேன். அந்த முகத்தைப் பார்க்க ஏலாமல் பின்னேரம் வரச் சொன்னேன். ஈரப்பலாக்காய் ஒன்று கிடந்தது. வைத்தேன். தோலைக் கிடங்கு கிண்டித் தாட்டேன். ஆடு என்று சொல்லிக் கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டு, “இதுதான் இறைச்சி. முந்தி நீர் தந்தது காய், அது எனக்குத் தெரிஞ்சது” என்று கோப்பையை வழித்து நக்கினார். ஒருவருக்கு விருப்பமானதைச் சொல்லிவிட்டால் நாக்கும் அதையே சொல்கிறது. நீங்களும் அப்படித்தான் எனக்குச் செய்தீர்கள் என்று கொட்டிலில் இருந்து யோசித்தேன்.

உங்களில் எனக்குப் பாசம் இல்லாமல் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். மாமி என்னைப் படலை கட்டி வைத்திருக்கிறா. நீங்கள் பின்னறையை வெள்ளையடித்து வைத்திருக்கிறீர்கள். இரண்டும் எனக்கு ஒன்றுதான். பிள்ளைப்பெறு நோவு வந்தால் உங்கள் பெயரைத்தான் சொல்லிக் கத்துவேன் என்று தெரியும். அது உங்களுக்குக் கேட்க வேண்டாம்.

தோணி அனுப்ப வேண்டாம். அப்புவிடம் அது ஆட்டுக்கறிதான் என்று சொல்லுங்கள், அதில் ஒரு பொய்யும் இல்லை. தொட்டிலை ஆருக்காவது கொடுத்துவிடுங்கள்.

ஜசிந்தா